பூ கட்டிய விளக்கின் அடியில்

நான் உங்களிடம் விட்டுவிட்டு வந்த பட்டறையின் சுவரில், கிரைண்டருக்கு மேலே, ஓர் ஆணியில் முழ நீளத்துக்கு இரும்புக் கயிறு தொங்குகிறது. அதில் நீங்கள் துண்டு காயப்போடுகிறீர்கள். போன வாரம் நான் வந்தபோது டீ வாங்குகிற தூக்கையும் அதிலேயே மாட்டியிருந்தீர்கள். எடுத்துக் கீழே வைத்தேன்.

"என்ன பெருசு, வரும்போதே சூடா இருக்கீக? வீட்டுல சண்டையா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தீர்கள்.

நான் துண்டையும் எடுத்து மடித்து வைத்தேன்.

செத்த நேரம் நின்றேன். அதற்குள் இன்னொன்றும் காதில் விழுந்தது. வத்தலக்குண்டு ரோட்டு மண்டபத்து ஆர்டரை எடுத்துவிட்டீர்கள். மோட்டார் வைத்து மேலிருந்து இறங்குகிற விளக்கு. உங்களில் ஒருவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "மாட்டி, சுவிட்ச காட்டிக் குடுத்துட்டா நம்ம வேல முடிஞ்சுது சார்."

யார் சொன்னது என்று எழுத மாட்டேன். ஒருவன் சொன்னான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். எனக்கு எல்லாரும் ஒன்றுதான்.

நேரில் சொன்னால் திட்டாகத்தான் வரும். திட்டிச் சொன்னது எதுவும் காதுக்குள் போவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசித்துவிட்டு அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

மாட்டிக் கொடுத்தால் முடிந்தது. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வெல்டர் சொல்வான். பாலிஷ் போடுகிறவன் சொல்வான். வயரிங்காரன் சொல்வான். எல்லாருக்கும் முடிந்துவிடுகிறது. விளக்குக்கு மட்டும் முடிவதில்லை. அது அங்கேயே தொங்க வேண்டும். அடியில் ஆள் நடக்கும். பிள்ளை ஓடும். நாம் அடுத்த ஊரில் அடுத்த விளக்கை மாட்டிக்கொண்டிருப்போம்.

எனக்கு வேலை காட்டிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர் என்றும் சொல்ல மாட்டேன். கை நீட்டுவார். சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று செய்வார். ஜவுளிக் கடையோ, பிரியாணிக் கடையோ, எங்கே விளக்கு மாட்டினாலும், மாட்டிய விளக்குக்கு நேர் அடியில் தரையில் உட்கார்ந்துதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். எங்களையும் அங்கேதான் உட்கார வைப்பார். யாராவது ஓரமாக நகர்ந்தால் பார்த்துவிடுவார்.

"ஏலே, பயமா இருக்கா? அப்ப ஏறி நட்ட முடுக்கு. முடுக்கிட்டு வந்து சோறு தின்னு."

அவ்வளவுதான் அவர் சொல்லிக் கொடுத்தது. வேறு ஒன்றும் சொன்னதில்லை. அவர் போன பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. என்னோடு வயரிங் வேலைக்கு வந்த பாய்க்கும் அது ஒட்டிக்கொண்டது. பாயை உங்களுக்குத் தெரியும். நாகல் நகரில் கடை வைத்திருக்கிறவர். என்னை மாமா என்பார். நான் மாப்ளே என்பேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பாய் வீட்டிலிருந்து வருகிற வெஞ்சனத்துக்காகவே விளக்கைச் சீக்கிரம் மாட்டிய நாள் உண்டு.

அந்த வத்தலக்குண்டு ரோட்டு மண்டபத்துக்கு முன்பு விளக்கு மாட்டியது நாங்கள்தான். அதன் அடியிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று வளையம். அடுக்கடுக்காக, பெரியது கீழே, சின்னது மேலே. பித்தளை நிறம். நடுவில் ஒரு பைப். பைப் சீலிங்குக்கு மேலே போகும். அங்கே கூரையின் இரும்புச் சட்டத்தில் அதன் தலையை இரும்புக் கயிற்றால் கட்டி, கிளாம்பு போட்டு முடுக்கியிருந்தோம். காவலுக்கு ஒரு சங்கிலியும் தனியாகப் போட்டோம். முடுக்கிய பிறகு கிளாம்பிலும் கயிற்றிலுமாகச் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம். கோடு விலகினால் கயிறு நழுவுகிறது என்று அர்த்தம். சோறு இறங்கியது. கை கழுவிவிட்டு வந்தோம்.

விளக்கில் குறை இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

சில மாதம் கழித்து மண்டப ஓனர் கூப்பிட்டார். சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். விளக்கில் ஒரு பக்கம் மினுக்குகிறது, உடனே வந்து பார் என்றார். நானும் பாயும் போனோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, பந்திக்கு இலை வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். என் விளக்கைக் காணோம்.

இருந்தது. தெரியவில்லை. வளையம் முழுக்கப் பூ. நிலக்கோட்டையிலிருந்து வந்த செண்டுமல்லியும் ரோஜாவும் சரம் சரமாகத் தொங்கின. வாடாமல் இருக்கத் தண்ணீர் அடித்திருந்தார்கள். தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு, நடுவளையத்திலிருந்து மண்டபத்தின் நான்கு மூலைக்கும் பட்டுத் துணியை இழுத்துக் கட்டிப் பந்தல்போலச் செய்திருந்தார்கள். பெரிய மின்விசிறிகள் ஓடின. துணி உப்பும், அடங்கும். ஒவ்வொரு முறை உப்பும்போதும் விளக்கு அசைந்தது.

பாய் என்னைப் பார்த்தார். "மாமா, இது நாம மாட்டுனதா? பூக்கடைய மாட்டிருக்காங்க."

மேலே ஏறினோம். சீலிங்குக்கு மேலே நடக்கப் பலகை போட்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு விலகியிருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு. கிளாம்பில் ஒரு பாதி, கயிற்றில் ஒரு பாதி, இரண்டும் வேறு வேறு இடத்தில். விளக்கு அந்த அளவுக்கு இறங்கி வயரை இழுத்ததால்தான் மினுக்கியிருக்கிறது.

காவல் சங்கிலியைத் தேடினேன். நாங்கள் போட்ட இடத்தில் இல்லை. பிறகு ஏசி குழாய் போட வந்தவர்கள் வழியை மறிக்கிறது என்று கழற்றி, சுருட்டி, ஓரத்தில் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். அவர்கள் வேலையும் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

பலகையில் குப்புறப் படுத்து, பைப் போகிற ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். விளக்குக்கு நேர் அடியில் சின்னப் பிள்ளைகள். உதிர்ந்த ரோஜா இதழைப் பொறுக்கி ஒருத்தி தலையில் ஒருத்தி போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்தவுடன் கத்தத் தோன்றும். கத்தாதீர்கள். அந்த மண்டபத்துக்கு வாசல் ஒன்று. உள்ளே கூட்டம். விளக்கு விழப்போகிறது என்று ஒரு குரல் கேட்டால் போதும், விளக்கு செய்யாததை வாசல்படி செய்துவிடும். கையைக் கட்டுப்படுத்துகிற மாதிரி வாயையும் கட்டுப்படுத்த வேண்டும். எனக்கு அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது.

இறங்கி வந்தோம். பிள்ளைகளை விரட்டினேன். கிடைத்த நைலான் கயிற்றை எடுத்து நான்கு நாற்காலியில் கட்டி, விளக்கின் அடியில் யாரும் போகாமல் மறித்தேன். பூ வேலை எடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அலங்காரக்காரம்மா. இடுப்பில் கத்தி, கையில் நார். நடுத்தர வயது.

"ஏம்மா, விளக்குல எதுக்கு இம்புட்டையும் கட்டுனீங்க? யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?" சத்தத்தை அடக்கித்தான் கேட்டேன், கோபத்தை அடக்கவில்லை.

அவர் அசரவில்லை. "பெறகு எங்கண்ணே கட்டச் சொல்றீக? ஒங்க தலையிலயா? செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. சீலிங்குல கொக்கி கூடாது. நானும் கேக்காத நாளு இல்ல. லைட்டு எதுக்கு இருக்கு, அதுல கட்டுங்கறாரு ஒங்க ஓனரு."

"எத்தனை நாளா?"

"மண்டபம் தொறந்ததுல இருந்துதாண்ணே. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதுசாக் கட்டுவோம். துணி தொங்கக் கூடாதுல்ல, நாலு ஆளு நின்னு இழுத்துத்தான் முடிச்சுப் போடுவோம்." சொல்லிவிட்டு மேலே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏண்ணே, தாங்காதா?"

"தாங்காது."

"எங்ககிட்ட யாருண்ணே சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நம் தொழிலில் படம் வரைகிறவர்கள் கம்ப்யூட்டரில் மண்டபத்தைக் காட்டுவார்கள். பளபளவென்று இருக்கும். அந்தப் படத்தில் பூ இருக்காது, துணி இருக்காது, ஈ காக்கை இருக்காது. நாம் அந்தப் படத்தைப் பார்த்து விளக்குச் செய்கிறோம். காலி மண்டபத்துக்கு எவன் விளக்கு மாட்டுவான்?

அதற்குள் ஓனர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். நான் கட்டிய கயிற்றைப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஆக்ஸிடென்ட் ஆன எடம் மாதிரி? அவுரு."

தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். கயிறு நழுவுகிறது, இறக்கியாக வேண்டும் என்றேன்.

"இத்தன நாள் நின்னது இன்னைக்கி ஒரு நாள் நிக்காதா? நாளைக்கி மத்தியானம் மண்டபம் காலி. அப்ப எறக்கு, அடுப்புல போடு, என்னமும் பண்ணு."

"இன்னைக்கி விழுந்தா?"

"வாயக் கழுவுய்யா. கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற." அவரே போய் நாற்காலிகளை இழுத்தார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அந்த நாற்காலிகளை விளக்கின் அடியிலேயே வரிசையாகப் போடச் சொன்னார். பெரிய ஆட்கள் வருகிறார்களாம். முன் வரிசை வேண்டுமாம்.

அடித்திருப்பேன். அடித்திருந்தால் என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். விளக்கு உள்ளே இருந்திருக்கும். அது தெரிந்ததால் நின்றேன்.

பாய்தான் சொன்னார். "மாமா, மண்டபம் அவருது. கல்யாணம் அவருது இல்ல. பொண்ணப் பெத்தவர்கிட்டப் போவோம்."

பெண்ணின் அப்பா ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறி விவசாயி. வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். புதுச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. தனியாக அழைத்துச் சொன்னேன். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"ஏனுங்க, கல்யாண வூட்ல வெளக்க எறக்குவாங்களா? அணைப்பாங்களா? மாப்ள வூட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்துட்டாங்க. நாளப்பின்ன எம்புள்ளைக்கு ஒரு தலவலின்னாலும், வெளக்க அணைச்ச கல்யாணம்னுதானுங்க பேசுவாங்க." கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. சாமிய வேண்டிக்கறேன். வேண்டாமுங்க."

அவரைத் திட்ட முடியாது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஊர் அப்படித்தான் பேசும். ஒரு விளக்கு அணைந்ததை வைத்து ஒரு பெண்ணைக் காலம் முழுக்கப் பேசும். நம் விளக்கு ஒரு கடையிலோ மண்டபத்திலோ தொங்குகிறது என்று நினைக்காதீர்கள். அந்தந்த மனிதர்களின் நல்லது கெட்டதுக்கு நடுவில் தொங்குகிறது.

நான் அவரிடம் வாதாடவில்லை. "ஒரு நிமிசம் வாங்க" என்றேன். உள்ளே அழைத்துப் போய் விளக்கின் அடியில் நிறுத்தினேன். நானும் பக்கத்தில் நின்றேன். "மேல பாருங்க" என்றேன்.

பார்த்தார். துணி உப்பியது, விளக்கு அசைந்தது. மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை. முன் வரிசை நாற்காலியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கைக்குழந்தை.

பிறகு மெதுவாகக் கேட்டார். "எறக்குங்க. ஆனா அணையாம எறக்க முடியுங்களா?"

நான் பாயைப் பார்த்தேன். கீழே இறக்க வேண்டும் என்றால் வயரை நீட்ட வேண்டும். நீட்ட வேண்டும் என்றால் கரண்டை நிறுத்த வேண்டும்.

பாய் தாடியைத் தடவினார். "மூணு வளையம், மூணு லைனு. நாந்தானே இழுத்தேன். ஒரு லைன ஆஃப் பண்ணி நீட்டுவேன், மத்த ரெண்டும் எரியும். அது முடிஞ்சு அடுத்தது. எந்த நேரமும் ரெண்டு வளையம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், மாமா."

"அப்பப் பண்ணு மாப்ளே."

பட்டறைக்குப் போன் போட்டு, சங்கிலியை இழுத்துப் பாரத்தை ஏற்றி இறக்குகிற செயின் புளாக்கை ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். பாய் மேலே ஏறினார். வயரை நீட்டுகிற வேலையை அவரிடம் விட்டுவிட்டேன். கீழே கூட்டத்தை நகர்த்துவதுதான் என் பாடு. கயிறு கட்டினால் ஓனர் அவிழ்க்கிறார். நகருங்கள் என்றால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொல்ல முடியாது. மேளம் தொடங்கிவிட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அலங்காரக்காரம்மா பின்னாலேயே வந்து நின்றார். "எவ்வளவு எடம் காலியா வேணும்?"

காட்டினேன்.

"நான் பாத்துக்கறேன். நீங்க மேல போங்கண்ணே."

என்ன செய்தார் தெரியுமா? மீந்த உதிரிப்பூக் கூடைகளைத் தூக்கி வரச் சொன்னார். தன் ஆட்களை வட்டமாக நிறுத்தினார். "பூக்கோலம் போடப்போறோம், பொண்ணு மாப்ள வந்து நிக்கிற எடம், நாற்காலிய எடுங்க, எல்லாம் தள்ளுங்க!" என்று ஒரு சத்தம். தள்ளினார்கள். பெரிய ஆட்களும் எழுந்து தள்ளினார்கள். பெண்ணின் அப்பா தன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். அந்தம்மாவின் ஆட்கள் வட்டத்துக்கு வெளியே நின்றபடியே பூவை உள்ளே தூவினார்கள். மஞ்சளும் சிவப்புமாகத் தரை மூடியது. கோலம் என்று பெயர்தான், பூவை வாரி இறைத்தார்கள். ஆனாலும் ஒரு கால் அதில் படவில்லை. கயிறு கட்டினால் தாண்டுகிற ஜனம் பூக்கோலத்தை மிதிக்காது. இது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

"உள்ள போயிராதம்மா" என்று மேலிருந்து ஓட்டை வழியாக, மேளச் சத்தத்தோடு சேர்த்துச் சொன்னேன்.

"தெரியும்ணே. நான் மட்டும் சாகவா பொறந்தேன்?"

செயின் புளாக் வந்தது. இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். அதன் கொக்கியைப் பைப்பின் தலை வளையத்தில் போட்டுப் பாரத்தை அதற்கு மாற்றினேன். சங்கிலி விறைத்தது. பாய் மூன்றாவது வயரையும் நீட்டி முடித்துவிட்டு, "எரியுது" என்றார். பிறகு பழைய கிளாம்பில் கை வைத்தேன். நட்டைத் திருகக்கூட இல்லை. கயிறு தானாகக் கையோடு வந்துவிட்டது. ஒரு கிளாம்பு வெறும் அழகுக்கு இருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் நாலைந்து இழை மட்டும் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான் பிடி.

அந்தக் கயிறுதான் உங்கள் துண்டு காய்கிற கயிறு.

இறக்குவதற்கு முன்னால் துணியை அவிழ்க்க வேண்டும். அதற்கும் அந்தம்மாதான். "ஒரு பக்கம் அவுத்தா எதிர்ப்பக்கம் இழுத்துரும்ணே. நாலு மூலையும் ஒரே நேரத்துல விடணும். விட்டுட்டு நுனிய மட்டும் கையில வச்சுக்கிருவோம். எறங்குறப்ப சுத்தாது." நான்கு மூலைக்கும் ஆள் போனது. ஒரு மூலையில் பெண்ணின் அப்பாவே போய் நின்றார். அந்தம்மா கை காட்ட, நான்கும் ஒன்றாக அவிழ்ந்தன.

சங்கிலியை இழுக்க இழுக்க விளக்கு இறங்கியது. மூன்று வளையமும் எரிந்தபடி, பூவோடு, மெதுவாக. நான்கு பேர் துணி நுனியைப் பிடித்தபடி வந்தார்கள். சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. அது கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்கவில்லை. கீழே ஒரு பெண் குலவை போட்டாள். அடுத்தவள் போட்டாள். மண்டபமே குலவை போட்டது. இதுதான் நேரம்போல என்று மேளக்காரர் கெட்டி மேளத்தைப் பிடித்துவிட்டார். எல்லார் கையிலும் போன் உயர்ந்தது.

பூவின் மேல் விளக்கு உட்கார்ந்தது. அணையவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பெண்ணின் அப்பா துணி நுனியை விடாமல் நின்றுகொண்டிருந்தார். அந்தம்மா போய் விரலைப் பிரித்து எடுத்தார்.

நான் இறங்கி வந்தேன். சட்டையெல்லாம் அழுக்கு. ஓனர் ஓடி வந்து என் தோளில் கை போட்டார்.

"யோவ், பின்னிட்டய்யா! வீடியோ எப்புடி வந்துருக்கு பாத்தியா? பூமாரி மாதிரி எறங்குது. இத ஒரு ஐட்டமாவே வச்சிருவோம். எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படி எறக்கணும்."

கையை எடுத்துவிட்டேன். கயிற்றைக் காட்டினேன். விலகிய சிவப்புக் கோட்டைக் காட்டினேன். பார்த்தாரோ என்னவோ. அவர் கண் போனில் இருந்தது.

"பூ கட்டச் சீலிங்குல தனியா கொக்கி போட விடுங்க. சட்டத்துல இருந்து நான் எறக்கித் தரேன். அதுக்குப் பெறகுதான் வெளக்க ஏத்துவேன்" என்றேன்.

"கொக்கி போட்டா சீலிங் லுக்கு போயிரும்யா."

"அப்ப வெளக்கும் ஏறாது."

ஏற்றவில்லை. அவரும் வேறு ஆளை வைத்து ஏற்றவில்லை. யாரும் துணியவில்லை போல. சீலிங்கில் சதுர லைட்டைப் பதித்துக்கொண்டார். விளக்கு மண்டபத்துப் பின் அறையில் கிடந்தது. அந்த வீடியோ மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. உங்கள் போனிலும் வந்திருக்கும். பார்த்துவிட்டு லைக் போட்டிருப்பீர்கள். அதில் சிரிக்கிற முகம் எல்லாம் தெரியும். மேலே படுத்திருந்தவன் முகம் தெரியாது.

இப்போது அந்த ஓனர், அதே மாதிரி இறக்குவதற்கு மோட்டார் கேட்டு, உங்களிடம் வந்திருக்கிறார். நான் பட்டறையை விட்டுவிட்டேன் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். நீங்களும் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறீர்கள். கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீர்களா என்று கேட்டேன். "அது டெக்கரேஷன்காரங்க விஷயம், பெருசு" என்றீர்கள். அந்தம்மாவும் அன்றைக்கு எங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருக்கலாம். லைட்டு அறுந்தால் அது லைட்டுக்காரன் விஷயம் என்று. சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆர்டரை விடச் சொல்லவில்லை. விட்டால் அவர் அடுத்த கடைக்குப் போவார். அங்கேயும் ஒருவன், சுவிட்சைக் காட்டிக் கொடுத்தால் முடிந்தது என்பான். நீங்களே செய்யுங்கள். ஆனால் வளையத்துக்குப் பைப்பை வளைக்கும் முன்னால் ஒரு முகூர்த்த நாளில் போய் எந்த மண்டபத்திலாவது நில்லுங்கள். எதை எதில் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஜவுளிக் கடைக்குச் செய்தால் ஆடி மாதம் போய்ப் பாருங்கள், தள்ளுபடி அட்டையை எதில் தொங்கவிடுகிறான் என்று. ஆயுத பூஜையன்று பிரியாணிக் கடையில் பாருங்கள், மாலையை எதில் சுற்றுகிறான் என்று. உங்கள் விளக்கில்தான். வேறு எதில்?

கொக்கி இல்லாமல் மோட்டார் இல்லை என்று ஓனரிடம் சொல்லுங்கள். முறைப்பார். முறைக்கட்டும். மோட்டாரைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற காவல் சங்கிலியை யாரும் கழற்ற முடியாதபடி வெல்டு வையுங்கள்.

மேஸ்திரியின் பழக்கம் சரிதான். அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது. நாங்கள் வெறும் விளக்கின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனோம். அப்படி ஒரு விளக்கு அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கும் தொங்கவில்லை.

மோட்டாரைப் பூட்டி முடித்ததும் அலங்காரக்காரம்மாவைக் கூப்பிடுங்கள். கொக்கியில் கட்டுவதைக் கொக்கியில் கட்டட்டும். பிறகு, கொக்கி இருந்தாலும் எவனாவது ஒருநாள் விளக்கில்தான் கட்டுவான் என்பதால், அதையும் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். துணியை நான்கு ஆள் நின்று இழுக்கட்டும். விசிறியைப் போடுங்கள். அப்புறம் ஓனருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அவரையும் கூட்டி வந்து விளக்கின் அடியில் உட்கார வைத்து எல்லாரும் சாப்பிடுங்கள்.

எனக்கும் ஒரு பொட்டலம். நான் வாரேன். நடுவில் உட்காருகிறேன்.

அதுவரை அந்தக் கயிற்றில் துண்டு போடாதீர்கள்.